வம்சத்தில் வரும் மறதி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பெரியவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது என்றால், பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: “அவங்க அப்பாவுக்கும் இப்படித்தான வந்துச்சு?” ஆமாம் என்று பதில் வந்துவிட்டால், நோயின் காரணம் அங்கேயே முடிவாகிவிடும். வம்சம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதில் தொடங்கி, பெற்ற மகளையே “நீ யாரும்மா?” என்று கேட்பதில் வந்து நிற்கிற மறதிக்கும் இதே தீர்ப்புதான். பக்கத்தில் நிற்கிற மகன் மட்டும் மனதுக்குள் தன் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்வார்.

அந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் விசாரிப்பதில்லை என்பதுதான் என் குறை.

வாதமும் மறதியும் தனித்தனி நோய்கள் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று அடைத்தால் பக்கவாதம். அது தெருவுக்கே தெரிந்துவிடும். ஆனால் மூளையின் ஆழத்தில் இருக்கும் மிக மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுவது நோயாளிக்கே தெரியாது. கை இழுக்காது, வாய் கோணாது. ஸ்கேன் எடுத்தால் மட்டும் சின்னச் சின்னக் குழிகளும் வெள்ளைத் திட்டுகளும் தெரியும். இவை சேரச் சேர நடை தளரும், பதில் சொல்லத் தாமதமாகும், முப்பது வருடம் கடை நடத்தியவர் சில்லறை எண்ணத் திணறுவார். இது ரத்தக்குழாய் வழியாக வரும் டிமென்ஷியா, அதாவது மறதிநோய். அல்சைமர் நோயின் வழி வேறு. அதில் அமிலாய்டு, டௌ என்ற இரண்டு புரதங்கள் பல ஆண்டுகளாக மூளையில் படிந்து நரம்பணுக்களைக் கொல்கின்றன. ஆனால் முதியவர்களின் மூளையை இறந்தபின் ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, பெரும்பாலும் இரண்டும் ஒரே மூளையில் கலந்து கிடப்பதைத்தான். அதனால்தான் ஒரே வீட்டில் தாத்தாவுக்கு வாதமும் பாட்டிக்கு மறதியும் வந்திருந்தால், பேரன் இரண்டையும் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு மரபணு கெட்டால் போதும், நோய் வந்தே தீரும் என்கிற வகை ஒன்று உண்டு. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் சுமார் 6,000 பேர் கொண்ட பெரிய சொந்தபந்தத்தில், பலருக்கு நாற்பது வயதைத் தாண்டியதுமே மறதி தொடங்கி, ஐம்பதை ஒட்டி முற்றிவிடும். பிரான்சிஸ்கோ லோப்பேரா என்ற நரம்பியல் மருத்துவர் 1980-களில் அவர்களைத் தேடி வீடு வீடாகப் போனார். 2024-இல் இறக்கும்வரை அதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். பிரிசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததுதான் காரணம். அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. இங்கே வம்சம் என்ற சொல் முழுக்கப் பொருந்தும். உலகில் அல்சைமர் வருபவர்களில் இப்படி ஒற்றை மரபணுவால் பாதிக்கப்படுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ரத்தக்குழாய் பக்கத்திலும் இதற்கு ஜோடி உண்டு. அதன் பெயர் கடாசில். நாட்ச்-3 என்ற மரபணுவில் வரும் பிழையால் மூளையின் சின்னக் குழாய்களின் சுவர் கெட்டுப்போகிறது. 1993-இல் அது 19-ஆவது குரோமோசோமில் இருப்பதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். 1996-இல் மரபணுவே கிடைத்தது. வழக்கமாக முப்பதுகளில் கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வரும். நாற்பது, ஐம்பதுகளில் சின்னச் சின்ன வாதங்கள். அதன்பின் மறதி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத நடுவயதுக்காரருக்கு வாதம் வந்தால், டாக்டர் இதை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்று இருக்கிறது. பல நாட்டு மக்களின் மரபணுத் தொகுப்புகளை அலசிய நெதர்லாந்து ஆய்வாளர்கள், நாட்ச்-3 பிழைகள் நினைத்ததைவிடப் பரவலாக இருப்பதையும், தெற்காசியர்களிடம் கூடுதலாக இருப்பதையும் 2016-இல் எழுதினார்கள். பயப்பட வேண்டாம். பிழை மரபணுவின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் கடுமை மாறும். அதைச் சுமக்கும் பலர் எழுபது வயதுவரை ஒன்றும் தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் அதே ஆள் பீடியோ சிகரெட்டோ பிடித்தால், ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால், நோய் முன்கூட்டியே வந்துவிடும். ஒற்றை மரபணு நோயிலும் நம் கைக்கு எட்டும் கொஞ்சம் இடம் உண்டு என்பதற்கு இது சாட்சி.

இனி பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும் விஷயம். அதற்கு ராஜபாளையத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் உயிரிலிருந்து தொடங்குகிறேன்: இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்ட அதே ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அதன் அழகு. அந்த வெள்ளையையே பார்த்துப் பார்த்து இனம் சேர்த்ததில், சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கின்றன. வெள்ளைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களின் உறவுக்கார அணுக்கள் உள்காதுக்குள்ளும் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் காதின் நரம்பு பட்டுப்போகும். ஒரு மரபணு ஒரு வேலையோடு நிற்பதில்லை. ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் அசையும்.

அல்சைமரின் மிகப் பிரபலமான மரபணுவான அப்போ-இ இந்த ரகம். அதுவும் 19-ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது. கொழுப்பை ரத்தத்திலும் மூளையிலும் சுமந்து போவது அதன் அன்றாட வேலை. மனிதர்களிடம் இது இ-2, இ-3, இ-4 என்று மூன்று வடிவங்களில் உண்டு. இந்த மரபணு உருவாக்கும், 299 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 112-ஆவது இடத்திலும் 158-ஆவது இடத்திலும் என்ன இருக்கிறது என்பது மட்டுமே மூன்றுக்கும் வித்தியாசம். 1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோஸஸ் குழுவினர், இ-4 உள்ளவர்களுக்கு அல்சைமர் அதிகம் வருவதைக் கண்டபோது பலர் நம்பவில்லை. கொழுப்பு சுமக்கும் புரதத்துக்கு மூளையில் என்ன வேலை என்று கேட்டார்கள். இன்று சந்தேகமே இல்லை. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஓர் இ-4 இருந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்கு. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒன்றொன்றாக இரண்டு வந்தால் பத்து மடங்குக்கு மேலேயும் போகலாம். அதே இ-4 கெட்ட கொழுப்பை ஏற்றி ரத்தக்குழாயையும் கெடுக்கும், குழாய்ச் சுவரில் அமிலாய்டு படியவும் வழிசெய்யும். மறதிக்கும் வாதத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மரபணு இது.

இந்தக் கணக்கெல்லாம் வெளிநாட்டில் போட்டது. இந்தியாவில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் அமெரிக்கர்களோடு சேர்ந்து நடந்த ஆய்வு முக்கியமானது. அங்கே இ-4 வடிவத்தின் பங்கு 7.3 சதவீதம். ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்காவின் பென்சில்வேனியா கிராமப்புறத்தில் 11 சதவீதம். பல்லப்கரில் அல்சைமர் புதிதாக வரும் வேகமும் உலகில் பதிவானவற்றிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. ஆனால் இ-4 உள்ளவருக்கு நோய் வரும் வாய்ப்பு மட்டும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கூடியிருந்தது. நைஜீரியாவின் இபாதான் நகரில் கதையே வேறு. அங்கே இ-4 பரவலாக இருந்தும் நோயோடு அதற்கான தொடர்பு பலவீனமாகவே தெரிந்தது. ஒரே மரபணு ஊருக்கு ஊர் வேறு வேறு பலத்தோடு வேலை செய்கிறது.

இங்கே சொந்தத்தில் கல்யாணம் என்ற பேச்சைத் தவிர்க்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. மரபியல் ஆலோசகர் குடும்பப் படம் வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு, தம்பதியை ஒரு கோட்டால் இணைப்பார். தம்பதி ஏற்கெனவே சொந்தக்காரர்கள் என்றால் இரட்டைக் கோடு. நம் பக்கத்துப் படங்களில் இரட்டைக் கோடு நிறையவே விழும். மாமன் மகளும் அத்தை மகனும் என்றால் ஒரு வகை நெருக்கம், தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் அதைவிட நெருக்கம்.

இது மறதிநோயைக் கூட்டுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் இ-4 வடிவத்தின் பங்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாதவர்கள் மணந்தால், பிறக்கும் 10,000 பிள்ளைகளில் இரண்டு இ-4 பெறுகிறவர்கள் சுமார் 49 பேர். மாமன் மகளை மணந்தால் அது 90 ஆகும். அக்கா மகளை மணந்தால் 130. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு! ஆனால் அதே கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரே ஓர் இ-4 சுமப்பவர்கள் 1,302-லிருந்து 1,139-ஆகக் குறைகிறார்கள். ஊரில் இருக்கும் இ-4-இன் மொத்த எண்ணிக்கை மாறுவதே இல்லை. சிலரிடம் போய்க் குவிகிறது, அவ்வளவுதான். சொந்தத்தில் கட்டினால் எல்லா நோயும் வரும் என்று பேசுகிறவர்களும், எங்கள் தாத்தா காலத்திலிருந்து கட்டுகிறோம் ஒன்றும் ஆகவில்லை என்று பேசுகிறவர்களும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சொந்தத் திருமணத்தின் உண்மையான ஆபத்து குழந்தைகளுக்கு வரும் அபூர்வ நோய்களில் இருக்கிறது. அறுபது, எழுபது வயதில் வரும் மறதிக்கு அதன் பங்கு சிறியது.

அதைவிடப் பழைய விஷயம் ஒன்று உண்டு. பல நூறு ஆண்டுகளாக ஒரு சாதிக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததால், தொடக்கத்தில் இருந்த சில முன்னோர்களின் மரபணுக்களே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கே. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவும் 2017-இல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 சமூகங்களில் இந்த முன்னோர் விளைவு, உலகம் அதற்கு உதாரணமாகக் காட்டும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் கூடுதலாக இருந்தது. உதாரணமாக, ஆந்திர வைசியரிடம் ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆபரேஷன் சமயத்தில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து அவர்களில் சிலருக்குச் சீக்கிரம் இறங்காது. அங்கே அனுபவமுள்ள மயக்க மருந்து டாக்டர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வார்கள். மறதிக்கும் வாதத்துக்கும் இப்படி நம் சமூகங்களுக்கே உரிய மரபணுக்கள் இருக்குமா? இருக்க வாய்ப்புண்டு. தேடினால்தான் கிடைக்கும்.

தேடல் இதுவரை வேறு திசையில்தான் நடந்திருக்கிறது. 2022-இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வு அல்சைமரோடு தொடர்புடைய 75 மரபணு இடங்களைக் காட்டியது. அதே ஆண்டு 1,10,182 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த உலக ஆய்வு 89 இடங்களைக் காட்டியது. அந்தப் பக்கவாத ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு ஐரோப்பியர் அல்லாதவர்கள் என்பதையே பெரிய முன்னேற்றமாகக் கொண்டாடினார்கள். இந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கடுகளவே கூட்டும். எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டால்தான் ஏதாவது தெரியும். ஐரோப்பியரை வைத்துத் தயாரித்த மதிப்பெண்ணை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் மேல் வைத்துப் பார்த்தால் அது சரியாக வராது. இந்தக் குறையைப் போக்கும் வேலை இந்தியாவிலும் தொடங்கிவிட்டது. முதியோர் பற்றிய தேசிய ஆய்வின் டிமென்ஷியா பிரிவு, 60 கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயோடு வாழ்வதாக 2023-இல் மதிப்பிட்டது. அதில் கலந்துகொண்ட 2,762 பேரின் முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்டிருக்கிறது. கர்நாடகத்தின் சீனிவாசபுரா கிராமங்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 45 வயது கடந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது. விருதுநகர் மாவட்டத்துக்கும் அப்படி ஓர் ஆய்வு வேண்டும் என்பது என் ஆசை. 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது.

அதுவரை காசு கொடுத்து இ-4 பரிசோதனை செய்துகொள்ளலாமா? டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் 2007-இல் தன் மரபணுத் தொகுப்பை உலகுக்கே வெளியிட்டார். அப்போ-இ பகுதியை மட்டும் மறைத்துவிடச் சொன்னார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர். அவரே தெரிந்துகொள்ள விரும்பாததை நாம் ஏன் அவசரப்பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒற்றை மரபணு நோய் சந்தேகம் இருக்கிற குடும்பத்துக்கு, ஆலோசகர் துணையோடு பரிசோதனை செய்வது நியாயம். மற்றவர்களுக்கு அந்தக் காசுக்கு ஒரு நல்ல ரத்த அழுத்தக் கருவி வாங்குவது மேல்.

வம்சத்தில் வருவது மரபணு மட்டும் இல்லை. ஒரே அடுப்பும் உப்பு தூக்கலான ஊறுகாய்ப் பானையும் வம்சத்தில்தான் வருகின்றன; கூடவே ரத்த அழுத்தமும். 2020-இல் தமிழ்நாடு முழுக்க நடந்த ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர்தான். ரத்த அழுத்த நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைக் கட்டுப்படுத்தாமலே நடமாடும் ஊரில், மறதி வந்தால் மரபணுவை மட்டும் குற்றம் சொல்வது எப்படி நியாயம்? அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5-இல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கின.

இது மறதியைத் தடுக்குமா என்ற கேள்விக்குச் சீனாவிலிருந்து விடை வந்திருக்கிறது. அங்கே 326 கிராமங்களில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்த 33,995 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களில் சிகிச்சையைத் தீவிரமாக்கினார்கள். அதைச் செய்தது பெரிய மருத்துவமனை டாக்டர்கள் இல்லை. உள்ளூர்க் கிராம வைத்தியப் பணியாளர்களே மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, அழுத்தத்தை 130/80-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தக் கிராமங்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. 2025-இல் வெளியான முடிவு இது. யாருடைய மரபணுவையும் மாற்றாமல் கிடைத்த பலன்.

மரபணு மோசமாக இருந்தாலும் இது பொருந்துமா? பிரிட்டனில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், பரம்பரை ஆபத்து அதிகமாக இருந்தவர்களிலேயே, புகைக்காமல், நடந்து, சரியாக உண்டு ஒழுங்காக இருந்தவர்களுக்கு டிமென்ஷியா மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது. அந்தியோக்கியாவிலேயே ஓர் அம்மாவுக்கு அந்தக் கொடிய மாற்றம் இருந்தும் எழுபது வயதுக்குப் பிறகுதான் மறதி எட்டிப் பார்த்தது. அவருக்கு அப்போ-இ மரபணுவிலேயே இன்னோர் அபூர்வ மாற்றம் இருந்து காத்தது. ஒரு மரபணு கொடுத்த தண்டனையை இன்னொரு மரபணு முப்பது வருடம் தள்ளிப்போட்டது.

கேட்கும் திறனைப் பற்றியும் ஒரு வார்த்தை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் கெட்ட கொழுப்பும் காது கேளாமையும் முன்வரிசையில் இருந்தன. ராஜபாளையம் நூற்பாலைகளிலும், நாடெங்கும் காயம் கட்டும் துணி நெய்து அனுப்பும் சத்திரப்பட்டித் தறிகளிலும் வாழ்நாளைக் கழித்தவர்களின் காதை யார் சோதித்தார்கள்? அறுபது வயதில் “காது மந்தமாயிருச்சு” என்று விட்டுவிடுகிறோம். பேச்சு கேட்காதவர் சபையிலிருந்து ஒதுங்குவார். ஒதுங்கிய மூளை சீக்கிரம் தளரும். காது கேட்கும் கருவி வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு தாளில் குடும்பப் படத்தை நீங்களே வரைந்துவிடலாம். மூன்று தலைமுறை போதும். யாருக்கு வாதம், யாருக்கு மறதி, எத்தனை வயதில் என்று எழுதுங்கள். சொந்தத் திருமணங்களுக்கு இரட்டைக் கோடு போடுங்கள். அறுபது வயதுக்குள் வாதமோ மறதியோ இரண்டு தலைமுறையில் வந்திருந்தால், அந்தத் தாளோடு மதுரையில் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். எழுபதுக்கு மேல்தான் வந்தது என்றால், ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் கொழுப்பும் பாருங்கள். வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையாமல் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. தலைசுற்றல் இல்லை என்பதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.